ரயிலில் பர்ஸ் போனால் எந்தப் போலீஸ்? மத்திய, மாநில அதிகாரத்தில் நாம் சறுக்கும் இடங்கள்

ரயிலில் பர்ஸ் திருடு போய்விட்டது என்று வையுங்கள். ரயில்வே மத்திய அரசுடையது, ஆகவே வழக்கும் மத்திய அரசின் பொறுப்பு என்றுதான் முதலில் தோன்றும். தப்பு. எஃப்.ஐ.ஆர். போடுவது இருப்புப்பாதை போலீஸ்; அவர்கள் மாநிலப் போலீஸ்காரர்கள். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை எந்த விஷயத்தில் யார் சட்டம் போடலாம் என்று மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், இருவருக்கும் உரிய பொதுப்பட்டியல் என மூன்றாகப் பிரிக்கிறது. அதில் மாநிலப் பட்டியலின் 2ஆம் பதிவு, ரயில்வே போலீஸையும் கிராமப் போலீஸையும் பேர் சொல்லியே மாநிலத்திடம் கொடுத்திருக்கிறது. அதே பிளாட்பாரத்தில் நிற்கும் ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை) மத்திய அரசின் படை. அவர்கள் திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தாலும், திருட்டு வழக்கு என்றால் இருப்புப்பாதை போலீஸிடம்தான் ஒப்படைப்பார்கள்.

துறையின் பேரை வைத்து அதிகாரத்தை முடிவு செய்வதுதான் இந்த விஷயத்தில் பலரும் செய்கிற முதல் தவறு. "விவசாயம் மாநிலத்துடையது", "கல்வி பொதுப்பட்டியல்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். விவசாயம் மாநிலப் பட்டியலில் இருப்பது உண்மைதான். ஆனால் உணவுப்பொருள் வணிகம் பொதுப்பட்டியலின் 33ஆம் பதிவில் இருக்கிறது. 2020இல் வேளாண் சட்டங்கள் வந்தபோது மத்திய அரசு பிடித்துக்கொண்டது அந்தப் பதிவைத்தான்.

கல்வியிலும் இதே கதை. 1976இல் 42ஆவது திருத்தம் கல்வி, காடு, வன உயிர்ப் பாதுகாப்பு உள்ளிட்ட ஐந்து விஷயங்களை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. இது பலருக்கும் தெரியும். உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் மத்தியப் பட்டியலின் 66ஆம் பதிவாக ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது என்பதுதான் அவ்வளவாகத் தெரிவதில்லை. கல்வி நாளைக்கே மாநிலப் பட்டியலுக்குத் திரும்பினாலும் அந்தப் பதிவு அங்கேயேதான் இருக்கும். மேடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது, பொதுப்பட்டியல் என்றால் ஆளுக்குப் பாதி என்று நினைப்பது. இரண்டு அரசுகளும் சட்டம் போடலாம், சரி. இரண்டும் மோதினால்? 254ஆவது பிரிவுப்படி நாடாளுமன்றச் சட்டம்தான் நிற்கும். ஜல்லிக்கட்டில் இதைக் கண்ணால் பார்த்தோம். 2009இல் தமிழ்நாடு ஒரு ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தோடு அது முரண்படுகிறது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2017இல் அரசு வேறு வழியில் போனது. அந்த மத்தியச் சட்டத்தையே தமிழ்நாட்டு அளவில் திருத்தி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் வாங்கியது. 254இன் இரண்டாவது உட்பிரிவு திறந்து வைத்திருக்கும் கதவு அது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது.

அந்தக் கதவு எல்லோருக்கும் எப்போதும் திறக்காது. நீட் விலக்கு மசோதா 2021இல் சட்டமன்றத்தில் நிறைவேறி, ஆளுநர் திருப்பி அனுப்பி, 2022இல் மறுபடி நிறைவேறி டெல்லிக்குப் போனது. ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஒப்புதல் கிடைத்த மாநிலச் சட்டத்தையும் நாடாளுமன்றம் பிறகு புதுச் சட்டம் போட்டு மாற்றலாம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சட்டம் போட்டவரே நடத்துகிறவர் என்று எடுத்துக்கொள்வதும் வழக்கம். ஓட்டுநர் உரிமம் 1988ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி வருகிறது; அதைக் கொடுக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகம் மாநிலத்துடையது. அபராதத் தொகை ஏறியதற்கு ஆர்.டி.ஓ. ஊழியரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. லைசென்ஸ் தாமதமாவதற்கு எம்.பி.க்கு மனு எழுதுவதும் அப்படித்தான்.

பெட்ரோல் பற்றி ஒரு வரி: அது இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை. ஒரே லிட்டரில் மத்திய அரசின் கலால் வரியும் இருக்கிறது, மாநிலத்தின் வாட்டும் இருக்கிறது. விலை ஏறும்போது ஒருவரை மட்டும் திட்டுகிறவர் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார்.

அமெரிக்காவை அப்படியே இங்கே பொருத்திப் பார்ப்பது படித்தவர்கள் செய்கிற தவறு. அங்கே 1791இன் பத்தாவது திருத்தப்படி, மத்திக்குக் கொடுக்காத, மாநிலங்களுக்கு மறுக்காத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை. இங்கே நேர்மாறு. மூன்று பட்டியலிலும் சொல்லாமல் விட்டதெல்லாம் 248ஆவது பிரிவுப்படி நாடாளுமன்றத்துக்குப் போகும். 1994இல் சேவை வரி இந்த எஞ்சிய அதிகாரத்தில்தான் வந்தது.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒன்று: மத்திய, மாநில, பொதுப்பட்டியல்களில் முறையே 97, 66, 47 பதிவுகள் என்பது 1950இன் கணக்கு. பிறகு சில பதிவுகள் நீக்கப்பட்டன, சில 17அ, 17ஆ என்று இடையில் நுழைந்தன. கேள்வியில் "தொடக்கத்தில்" என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடையைக் குறியுங்கள்.