ஏழைத் தீவுல கவர்னர் பங்களா மராமத்துக்கு பணம் ஏற்பாடு பண்றது எப்படி

பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன் படிக்கிற நம்ம ராயபுரம் பசங்க கேட்டாங்க, பிரிட்டன் கைல இன்னும் இருக்கற ஏழைத் தீவுங்கள்ல கவர்னர் பங்களாவ யார் காசுல ரிப்பேர் பாக்கறது, எப்படி பிளான் போடறதுன்னு. பில்டிங் வேலைல இருக்கறவன், எனக்குத் தெரிஞ்ச வழிய சொல்றேன்.

மொதல்ல வீடே தேவையான்னு பாருங்க. பசிபிக் கடல்ல இருக்கற பிட்கெர்ன் தீவுல மொத்தமே 50 பேருக்குள்ளதான், நியூசிலாந்துல இருக்கற பிரிட்டிஷ் ஹை கமிஷனரே அதுக்கும் கவர்னர், வெலிங்டன்லயே இருந்து பாத்துக்கறாரு.

வீடு வேணும்னா எஸ்டிமேட்ட ரெண்டா பிரிங்க. கூரை, சுவரு, வயரிங், பைப் எல்லாம் அரசாங்க சொத்து, யாரு குடியிருந்தாலும் செஞ்சே ஆகணும். சோபா, கர்ட்டன், விருந்து தனிக் கணக்கு. ரெண்டையும் ஒண்ணா கலந்தா ஆஸ்பத்திரிக்கு காசு இல்லாத ஊர்ல கர்ட்டன் எதுக்குன்னு ஜனங்க கேப்பாங்க, கேக்கறதும் நியாயம், அந்தக் கோவத்துல கூரை வேலையும் நின்னு போயிடும்.

தென் அட்லான்டிக் கடல்ல செயின்ட் ஹெலினா தீவுல கவர்னர் குடியிருக்கற பிளான்டேஷன் ஹவுஸ எடுத்துக்கங்க, நம்ம செயின்ட் ஜார்ஜ் கோட்டைய கட்டின அதே கிழக்கிந்தியக் கம்பெனி 1792ல கட்டினது. அந்தத் தீவுக்கு 1840கள்ல ஒரு அடிமைக் கப்பலோட மரத்துல கரையான் வந்து தலைநகரம் ஜேம்ஸ்டவுன்ல ஏகப்பட்ட வீட்டு மரத்த தின்னுடுச்சு. அதனால வருஷா வருஷம் உத்தரத்த ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிப் பாக்கணும், பொத்துன்னு சத்தம் வந்தா உள்ள காலி. காசிமேட்டு உப்புக் காத்துல கம்பி என்ன ஆகும்னு நமக்குத் தெரியும்ல, அங்கயும் அதேதான். பழைய சுண்ணாம்புச் சுவத்துல சிமென்ட் பூச விடாதீங்க, ஓதம் வெளிய போக வழியில்லாம பூச்சு பொரிஞ்சு கொட்டும், ரெண்டு தடவ செலவு. சாமான்லாம் கப்பல்ல வரணும், அந்த வாடகையையும் எஸ்டிமேட்லயே ஏத்துங்க.

இப்ப பணம். புதுசா கட்ட ஆகற செலவுல வருஷத்துக்கு 2 முதல் 4 சதவீதம் பராமரிப்புக்குன்னு ஒரு பொதுக் கணக்கு உண்டு, அத தீவு பட்ஜெட்ல தனித் தலைப்பா போட்டு வேற எதுக்கும் எடுக்கக் கூடாதுன்னு எழுதி வைங்க, நா ரொம்ப அழுத்தமா சொல்றது இதான், சின்ன ரிப்பேர தள்ளிப் போட்டாதான் பெரிய செலவு வரும். செயின்ட் ஹெலினா, கரீபியன் கடல்ல இருக்கற மான்ட்செராட், பிட்கெர்ன் மூணுக்கும் பிரிட்டன் உதவிப் பணம் தருது, அதோட உதவி பட்ஜெட்ல இந்தத் தீவுங்களோட நியாயமான தேவைக்குத்தான் மொத இடம்னு கொள்கையே இருக்கு. கூரைய மொத்தமா மாத்தற மாதிரி பெரிய வேலைக்கு தனி விண்ணப்பம் போடுங்க, போட்டோவும் மேஸ்திரி அளவும் சேத்து.

அடுத்து வீடே சம்பாதிக்கட்டும். 1992ல பிரிட்டன் ராஜ குடும்பத்தோட வின்ட்சர் கோட்டை தீப்பிடிச்சப்ப, மராமத்து செலவுக்காக 1993ல பக்கிங்ஹாம் அரண்மனைய டிக்கெட் போட்டு ஜனங்களுக்கு திறந்தாங்க. பிளான்டேஷன் ஹவுஸ் தோட்டத்துல 1882ல வந்த ஜோனாதன் ஆமை இருக்கு, அதப் பாக்கவே வெளியூர் ஆளுங்க வராங்க. வீட்டச் சுத்திக் காட்டி கட்டணம் வாங்குங்க, கைடு வேலைக்கு தீவு ஆளுங்களையே போடுங்க, வர்ற பணம் பொதுக் கஜானாவுல கலக்காம பராமரிப்பு அக்கவுண்ட்டுக்கு நேரா போகணும், வருஷக் கணக்க கவுன்சில்ல வச்சுடணும்.