வாய்க்காலில் வேப்பிலை விட்டுக் குருதியோட்டம் படிப்பது எப்படி

ஆய்வுகூடம் தேவையில்லை. யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் செம்மண்ணில் ஒரு வெங்காயத் தோட்டம், இறைப்பு நடக்கும் நேரம், ஒரு பிடி வேப்பிலை, ஒரு கல்குலேற்றர் போதும். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். நான் கேட்காமல் இறங்கி, "தம்பி, வரம்பை உடைச்சுப்போடாதை" என்று ஏச்சு வாங்கியவன்.

முதற்படி: நேரான வாய்க்கால்

நடுவில் ஓர் இலை, கரையோரம் ஓர் இலை, இரண்டையும் ஒன்றாக விடுங்கள். நடு இலை முந்திவிடும். சுவரைத் தொடும் நீர் நகராது. அதிலிருந்து விலக விலக வேகம் கூடும். இந்த வேக வித்தியாசம்தான் சுவரை ஓட்டத்தின் திசையில் இழுக்கிறது. சீமெந்து வாய்க்கால் என்றால் சுவரில் உள்ள பாசியைப் பாருங்கள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்.

நாடியின் (இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுபோகும் குழாயின்) உட்சுவரிலும் இதே உரசல்தான். அங்கே ஒற்றை அடுக்காகப் படர்ந்திருப்பவை அகவணிக் கலங்கள் (தமிழகத்தார் கலத்தை செல் என்பார்கள்). நேரான நாடியில் அவை நீண்டு, ஓட்டத்தின் திசையிலேயே படுத்திருக்கும். வளர்ப்புத் தட்டில், ஓட்டமே இல்லாமல் வளர்த்தால் கல் பதித்த முற்றம் போல மூலைக்கொரு பக்கம் பார்க்கும். மேலே திரவத்தை ஒரே திசையில் ஓடவிட்டால் ஒரு நாளளவில் நீண்டு திரும்பிவிடும்.

இரண்டாம் படி: கணக்கு

உரசல் = 8 × பிசுக்கு × சராசரி வேகம் ÷ விட்டம். பிசுக்கு என்பது திரவம் ஓடத் தயங்கும் அளவு. சீராக ஓடும் நேர்க் குழாய்க்கான சூத்திரம் இது. துடிப்பை விட்டுவிடுகிறோம், தொடக்கத்துக்குப் பரவாயில்லை.

கழுத்து நாடிக்குப் பிசுக்கு 0.0035 பஸ்கால் செக்கன், வேகம் செக்கனுக்கு 0.2 மீற்றர், விட்டம் 0.006 மீற்றர் என்று போடுங்கள். விடை ஏறக்குறைய 0.93 பஸ்கால். இனி குருதியமுக்கத்தைப் பாருங்கள்: 100 மில்லிமீற்றர் இரசம் (பாதரசம்) என்பது சுமார் 13,300 பஸ்கால். உரசலைவிட ஏறக்குறைய 14,000 மடங்கு! முதல்தடவை போட்டபோது தசமப் புள்ளியைத்தான் சந்தேகப்பட்டேன். இவ்வளவு சின்ன உரசலைக் கலம் கவனிக்கிறது என்பதுதான் இந்தப் பாடத்தின் சுவையே.

அப்புறம், அதே அளவு குருதி பாதி விட்டத்தில் ஓடினால்? வேகம் 4 மடங்கு, விட்டம் பாதி, ஆக உரசல் 8 மடங்கு.

மூன்றாம் படி: கலம் என்ன செய்கிறது

கலத்தின் மேற்பரப்பில் சர்க்கரை இழைகளாலான ஒரு மெல்லிய போர்வை உண்டு. ஓட்டம் அதை இழுக்கும். பீசோ1 என்ற புரதவாயில் திறந்து கல்சியம் உள்ளே வரும். பீசோ வாயில்களை 2010இல் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியனுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கலங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதங்களும் இழுவையை உணர்கின்றன.

இவற்றின் பலனாகக் கலம் நைத்திரிக் ஒட்சைட்டு வாயுவை விடும். நாடிச் சுவரின் தசை தளரும், நாடி விரியும், உரசல் குறையும். மேலே வந்த 8 மடங்குக் கணக்கை உடம்பு இப்படித்தான் சமாளிக்கிறது.

நான்காம் படி: வாய்க்கால் பிரியுமிடம்

இங்கே நின்று நிதானமாகப் பாருங்கள். நீரைப் பிளக்கும் முனைக்கு எதிர்க்கரையில் இலை சுற்றும், தயங்கும், சிலவேளை பின்னோக்கியும் வரும். அந்த இடத்தில்தான் வண்டல் சேரும்.

கழுத்து நாடி இரண்டாகப் பிரியும் இடத்திலும் அந்த எதிர்ச்சுவரில்தான் கொழுப்புப் படிவு அதிகம் வரும். ஆனால் இங்கே கவனம், உவமை இதற்கு மேல் உதவாது. கொழுப்பு வண்டல் போலச் சும்மா அடியில் தங்குவதில்லை. உரசல் குறைந்து திசையும் மாறி மாறி வரும்போது கலங்கள் வரிசை குலைகின்றன, நைத்திரிக் ஒட்சைட்டு குறைகிறது, வெண்குழியங்கள் ஒட்டுவதற்கான புரதங்களை வெளியே நீட்டுகின்றன. கொழுப்புத் துணிக்கைகளும் சுவருக்குள் எளிதாக நுழைகின்றன. படிவைத் தூண்டும் புகைத்தலும் நீரிழிவும் உடம்பு முழுவதற்கும் பொது. ஆனாலும் படிவு இந்த மூலைகளைத் தேடி வருவது இதனால்தான்.

ஐந்தாம் படி: உங்கள் கழுத்து

குரல்வளை மேட்டின் பக்கவாட்டில் இரண்டு விரலை மெதுவாக வையுங்கள். நாடி பிரிவது ஏறக்குறைய அந்த மேட்டின் மேல்விளிம்பு மட்டத்தில். ஒரு பக்கம் மட்டும் தொடுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தினால் மயக்கம் வரலாம். வயதானவர்களின் கழுத்தில் முயலவே வேண்டாம்.

சரி, கிளம்பும்போது வேப்பிலைகளை அள்ளிவிடுங்கள். மடை அடைத்தால் அடுத்தமுறை உள்ளே விடமாட்டார்கள்.