கூட்டம் நிற்கிறது, காசு நிற்கவில்லை: கூர்மே கடைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீஸ், ஆலிவ் எண்ணெய், சாக்லேட் மாதிரி உயர்ரக உணவுப் பொருள் விற்பதுதான் கூர்மே கடை. புதிதாக அதை வைத்தவர்கள் என்னிடம் வந்தால் ஒன்று கடையைக் காட்டுவார்கள், இல்லாவிட்டால் கணக்கைக் காட்டுவார்கள். கடையைக் காட்டுகிறவர் திறந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். கணக்கைக் காட்டுகிறவர் ஒரு வருடத்தைத் தாண்டியிருப்பார். தொழிலுக்கு வந்த புதிதில் நான் சறுக்கிய இடங்களிலேயே இவர்களும் வரிசையாகச் சறுக்குவதால் இதை எழுதுகிறேன். நல்ல இடமாகப் பிடியுங்கள், சுத்தமாக வையுங்கள், சிரித்த முகமாக இருங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லுவார்கள். அதை விட்டுவிடலாம்.

எல்லாம் கிடைக்கும் கடை

கடைக்காரருக்கு நாக்கு நன்றாக இருந்தால் வருகிற வினை இது. ருசி பார்த்ததெல்லாம் பிடித்துவிடும், பிடித்ததெல்லாம் அலமாரிக்கு வந்துவிடும். வினிகரில் மட்டும் பத்துப் பன்னிரண்டு வகை நிற்கும். விற்பதோ இரண்டு. மீதியில் முடங்கியிருப்பது உங்கள் முதல். ஒவ்வொரு வகையிலும் தினசரிச் சமையலுக்கு ஒன்று, அதற்கு ஒரு படி மேலே ஒன்று, பரிசு கொடுக்க ஒன்று என்று மூன்று வைத்தால் போதும். நாலாவது உள்ளே வர வேண்டுமானால் மூன்றில் ஒன்று வெளியே போக வேண்டும்.

சேதாரத்தைச் சேர்க்காமல் விலை போடுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். நன்றாகப் போய்க்கொண்டிருக்கிற மாதிரி தெரிகிற கடைகளையே இது தின்றுவிடுகிறது.

ஒரு தம்பி கடை வைத்திருந்தார். வெட்டி எடை போட்டுக் கொடுக்கிற சீஸுக்குத்தான் அவர் கடை பெயர்போனது. வார இறுதியில் உள்ளே நிற்க இடம் இருக்காது. "அண்ணா, கூட்டம் நிக்குது, காசு நிக்கல. சப்ளையர் விலைய ஏத்திட்டான்னு நினைக்கிறேன்" என்றார். சப்ளையர் பட்டியலை வாங்கிப் பார்த்தேன், விலை ஏறவில்லை. அப்புறம் கவுன்டருக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

காலையில் கடை திறந்ததும் முந்தைய நாள் வெட்டிய சீஸின் முகம் காய்ந்து நிறம் மாறியிருந்தது. கம்பியால் மெல்லிசாக ஒரு சீவல் எடுத்துக் குப்பையில் போட்டார். அது ஒரு சீஸ். கவுன்டரில் இருந்த அத்தனைக்கும் இதே வேலை. போதாததற்குச் சாதாரண பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றி வைத்திருந்ததால் சிலது வியர்த்து மேல்பக்கம் பிசுபிசுத்திருந்தது, அதையும் சீவினார். வந்தவர்களுக்கெல்லாம் ருசி பார்க்க ஒரு துண்டு. 200 கிராம் கேட்டவருக்கு வெட்டியது 215 வந்தது, "பரவாயில்லை சார்" என்று 200-க்கே காசு வாங்கினார். கடைசியில் மிஞ்சுகிற கோணல் துண்டு யாருக்கும் வேண்டாம், அது வேலை செய்கிற பையன்களுக்கு.

ஒரு வாளியை வைத்து, இனி குப்பைக்குப் போவது, ருசிக்குப் போவது, பையன்கள் வாய்க்குப் போவது எல்லாம் முதலில் அதில் விழட்டும் அல்லது அதே அளவு நோட்டில் ஏறட்டும், ராத்திரி எடை போடுங்கள் என்றேன். "அது சேதாரம்தானேண்ணா, எல்லாக் கடையிலும் இருக்கிறதுதானே" என்றார். இந்த வாக்கியத்தைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வரும். நகைக்கடைக்காரர் சேதாரத்தை பில்லில் போட்டு வாங்கிவிடுகிறார். நீங்கள் உங்கள் பையிலிருந்து கொடுக்கிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள். கிலோ அடக்கம் 100 என்று 10 கிலோ வாங்குகிறீர்கள், போட்ட முதல் 1000. அடக்கத்தின் மேல் 40 சதவீதம் வைத்து 140-க்கு விற்கிறீர்கள். மனசுக்குள் "நமக்கு 40 சதவீத லாபம்" என்று ஓடும். முதல் தப்பு அங்கேயே இருக்கிறது. கல்லாவில் விழுகிற 140-இல் 40 என்பது 28.6 சதவீதம்தான். வாடகை, சம்பளம், மின்கட்டணம் எல்லாம் கல்லாவில் விழுகிற பணத்திலிருந்துதான் போகும் என்பதால் இந்தச் சதவீதம்தான் உங்களுக்குப் பேசும். இரண்டாவது தப்பு சேதாரம். 10 கிலோவில் 1.2 கிலோ வாளிக்குப் போனால் விற்பது 8.8 கிலோ. வரவு 1232, லாபம் 232. விற்பனையில் 19 சதவீதம்கூட இல்லை. உண்மையான அடக்கம் கிலோவுக்கு 100 இல்லை, 113.6. விற்பனையில் 40 சதவீதம் நிற்க வேண்டுமென்றால் அடக்கம் விலையில் 60 சதவீதம்தான் இருக்கலாம், அதனால் 113.6-ஐ 0.6-ஆல் வகுக்க வேண்டும். விலை 189 வரும். நீங்கள் விற்றுக்கொண்டிருப்பது 140-க்கு.

உடனே விலையை ஏற்றச் சொல்லவில்லை. சில சரக்கில் சந்தை அந்த விலையைத் தாங்காது. ஆனால் எது தாங்கும், எது தாங்காது என்று ஒவ்வொரு சரக்குக்கும் தனியாகச் சேதாரம் எழுதிவைத்தால்தானே தெரியும்? சீக்கிரம் காயாத கெட்டி ரகத்துக்கும் மென்மையான ரகத்துக்கும் ஒரே சதவீதம் வைப்பது சோம்பேறித்தனம். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்கிற இத்தாலியக் கெட்டி சீஸின் முழுச் சக்கரம் ஏறத்தாழ 40 கிலோ இருக்கும். பெருமைக்காக அதை வாங்கி வாசலில் நிறுத்துவதற்குமுன், திறந்த முகம் காய்வதற்குள் எத்தனை கிலோ விற்கும் என்று யோசியுங்கள். கால் சக்கரமாகவே வாங்கலாம். அதன் ஓடு சாப்பிடத் தகுந்தது, சூப்பில் போடுவார்கள், குறைந்த விலை போட்டால் போய்விடும். கோணல் துண்டுகளைத் துருவிக் கலந்து பாக்கெட் போடுங்கள். சீஸுக்கென்று வருகிற தாளில் சுற்றுங்கள். ருசி கொடுப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள், விற்பனையே அதில்தான் இருக்கிறது. விளம்பரச் செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

அந்தத் தம்பி வாளியை வைத்தார். முதல் வாரம் எடையைப் பார்த்துவிட்டு, யாரோ திருடுகிறார்கள் என்றுதான் சந்தேகப்பட்டார்.

ஜன்னலோரத்தில் ஆலிவ் எண்ணெய்

வெயில் பட்டால் பாட்டில் பச்சைத் தங்கமாக மின்னும். எண்ணெய் கெடும். வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் அதற்கு ஆகாது. காட்சிக்கு வேண்டுமானால் காலி பாட்டிலை வையுங்கள். வாங்கும்போது காலாவதித் தேதியோடு அறுவடை எப்போது என்றும் கேளுங்கள். ஆலிவ் எண்ணெயில் முதல் தரமான எக்ஸ்ட்ரா வெர்ஜின் என்றால் அமிலத்தன்மை 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆனால் அந்த எண் ஆலை வாசலில் அளந்தது, உங்கள் ஜன்னலுக்கு அது பொறுப்பாகாது.

சாக்லேட்டை ஃப்ரிட்ஜில் வைப்பது

வேண்டாம். வெளியே எடுத்ததும் வியர்க்கும், மேலே சர்க்கரை வெள்ளை பூக்கும். 15 முதல் 18 டிகிரி, ஈரமில்லாத இடம்.

உறைந்த தேனைத் திருப்பி அனுப்புவது

அது கெடவில்லை.

பெயரை நம்பி விற்பது

பால்சாமிக் என்பது இத்தாலிய வினிகர். அந்தப் பெயர் எழுதிய இரண்டு பாட்டிலுக்கு ஏன் அவ்வளவு விலை வித்தியாசம் என்று கேட்டால், "இது ஒசத்தி சார்" என்று சொல்லும் கடைகள் இருக்கின்றன. காரணம் சொல்லத் தெரிய வேண்டும். இத்தாலியில் உள்ள மோடெனாவின் பாரம்பரிய பால்சாமிக், காய்ச்சிய திராட்சைச் சாற்றிலிருந்து மட்டும் செய்து, குறைந்தது 12 வருடம் மரப் பீப்பாயில் கிடந்தது. எக்ஸ்ட்ராவெக்கியோ என்றால் 25 வருடம். வழக்கமாக 100 மில்லி பாட்டிலில் வரும். மோடெனா பால்சாமிக் வினிகர் என்று மட்டும் போட்டிருப்பதில் ஒயின் வினிகர் கலந்திருக்கும், 60 நாளில் வெளியே வரலாம். இரண்டுக்கும் வேலை இருக்கிறது. சாலட்டுக்கு முதலாவதைத் தள்ளிவிட்டால் அந்த வாடிக்கையாளர் ஏமாந்ததாகத்தான் நினைப்பார்.

ட்ரஃபிள் என்கிற, மண்ணுக்கடியில் விளையும் காளானின் பெயரில் வரும் எண்ணெயும் அப்படித்தான். பெரும்பாலானவற்றில் மணம் ஆய்வகத்தில் செய்த வாசனைப் பொருளிலிருந்து வருகிறது. விற்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், லேபிளைப் படித்துவிட்டு விற்கலாம்.

பரிசுக் கூடையை முன்கூட்டியே கட்டுவது

சீசனுக்கு முன்னால் கை சும்மா இருக்கும்போது கட்டி அடுக்கிவிடலாம் என்று தோன்றும். எட்டுப் பொருள் உள்ள கூடையின் காலாவதி, அதில் முதலில் காலாவதியாகிற பிஸ்கட்டின் காலாவதிதான். சீசன் முடிந்து மிஞ்சினால் ஒவ்வொன்றையும் பிரிக்க வேண்டும். ரிப்பன், பசை, நசுங்கிய அட்டை எல்லாம் நஷ்டம், பிரிக்கிற ஆளுக்குக் கூலி வேறு. மாதிரிக்கு இரண்டு கூடை கட்டி வைத்து ஆர்டர் எடுங்கள். மீதியை ஆர்டர் வந்தபின் கட்டுங்கள், குறைந்த தேதி உள்ள சரக்கு முதலில் உள்ளே போகட்டும். வாங்குகிறவர் அதை எப்போது கொடுக்கப்போகிறார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.