முதல் மனை வாங்குகிறீர்களா? அட்வான்ஸுக்கு முன் வில்லங்கத்தை நீங்களே பார்க்கும் முறை

மனையில் பணம் போட நினைக்கும் நண்பர்கள் முதலில் கேட்பது, "எந்தப் பக்கம் விலை ஏறும்?" என்றுதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்துக் கேட்பது, "ஈசி போட்டாச்சு, நில் என்று வந்திருக்கு, அட்வான்ஸ் கொடுக்கலாமா?" ஈசி என்பது வில்லங்கச் சான்று, அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். 'நில்' (nil) என்றால் பதிவு எதுவும் இல்லை என்று அர்த்தம். இதற்கு உறுதியாகச் சொல்வேன்: இன்னும் கொடுக்காதீர்கள். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மனையை வாங்கியபோது நான் செய்தவற்றை வரிசையாக எழுதுகிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறை.

1. கையில் எவ்வளவு வேண்டும்?

முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. வழிகாட்டி மதிப்பு (அந்த இடத்துக்கு அரசு குறித்திருக்கும் விலை), நீங்கள் கொடுக்கும் விலை, இரண்டில் எது அதிகமோ அதன் மேல் கணக்கு. 20 லட்ச ரூபாய் மனைக்கு 1,80,000 ரூபாய். இந்தத் தொகையை வங்கிக் கடனில் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள், கைப்பணமாக வைத்துக்கொள்ளுங்கள். 10 லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1% குறையும். இது 2025 ஏப்ரல் முதல் இருக்கிறது.

2. அங்கீகாரம்

மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தருவது சென்னைப் பெருநகர எல்லைக்குள் சிஎம்டிஏ (பெருநகர வளர்ச்சிக் குழுமம்), வெளியே டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்). "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் வந்த திட்டம், 20-10-2016 வரை பதிவான மனைகளுக்கானது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய லேஅவுட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் கேளுங்கள். எண்ணை வாங்கி, ரெரா தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள்.

3. வில்லங்கச் சான்று: இங்கேதான் நேரம் போகும்

பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் கணக்கு தொடங்கி, மின்னணு சேவைகளில் வில்லங்கச் சான்றைப் பார்வையிடும் பகுதிக்குப் போங்கள். மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண் (சர்வே நம்பர்), உட்பிரிவு எண் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். பார்வையிடக் கட்டணம் இல்லை. புரோக்கர் எடுத்துத் தரும் பிரிண்ட் எனக்கு வேண்டவே வேண்டாம். எந்த எண்ணை, எந்த ஆண்டிலிருந்து போட்டார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

என்னைத் திணறடித்த இடம் உட்பிரிவு எண். பத்திரத்தில் 123/2A1 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணைப் போட்டால் இரண்டே பதிவுகள் வரும், சில நேரம் ஒன்றுமே வராது. பார்க்க நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்த உட்பிரிவு உருவாகும் முன் அதே நிலம் 123/2A என்றும், அதற்கு முன் 123/2 என்றும் இருந்திருக்கும். பழைய அடமானமும் பாகப்பிரிவினையும் அந்தந்த எண்ணின் கீழேயே பதிவாகி நிற்கும். புது எண்ணில் தேடினால் அகப்படாது.

அதனால் மூன்றையும் தனித்தனியாகப் போடுங்கள்: 123/2A1, பிறகு 123/2A, பிறகு 123/2. கடைசியில் உட்பிரிவுக் கட்டத்தைக் காலியாக விட்டு 123-ஐ மட்டும் போட்டுப் பாருங்கள். பட்டியல் நீளமாக வரும், சம்பந்தமில்லாத பக்கத்து நிலங்களும் சேர்ந்து வரும். பொறுமையாக நான்கெல்லையைப் படித்துக் கழித்துக்கொண்டே போக வேண்டும். மறு நில அளவை நடந்த ஊரில் புல எண்ணே மாறியிருக்கலாம். அப்போது பழைய எண்ணையும் புது எண்ணையும் இணைத்துக் காட்டும் பதிவேட்டு நகலைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975-லிருந்து இணையத்தில் கிடைக்கிறது. முப்பது ஆண்டு போதும் என்பார்கள். நான் கிடைக்கும் முதல் நாளிலிருந்தே போடுவேன்.

வந்த பதிவுகளை ஒரு பெரிய வெள்ளைத்தாளில் கிளை கிளையாக வரையுங்கள்: யாரிடமிருந்து யாருக்கு, எவ்வளவு சென்ட், எந்த ஆவண எண். இதற்கு எக்செல் சரிப்படாது, கிளை பிரிவது கண்ணில் படாது. அப்பாவிடம் 80 சென்ட் இருந்து, பிள்ளைகள் விற்றதைக் கூட்டினால் 92 வருகிறது என்றால், அந்த 12 சென்ட் யாரோ ஒருவர் தலையில் விழப்போகிறது.

4. ஈசியில் வராதவை

உயிலும் நீதிமன்ற வழக்கும் ஈசியில் பொதுவாகத் தெரியாது. முக்கியமாக வாரிசுகள். ஒருவர் இறந்த பிறகு மகன்கள் மட்டும் கையெழுத்திட்ட பாகப்பிரிவினையைப் பார்த்தால் நில்லுங்கள். இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குத் தமிழ்நாட்டில் 1989-லேயே, திருமணமாகாதவர்கள் என்ற வரம்போடு, சம உரிமை வந்தது. 2005-இல் மத்தியச் சட்டம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. வாரிசுச் சான்றிதழை வாங்கி, அதிலுள்ள ஒவ்வொரு பெயரும் பத்திரத்தில் இருக்கிறதா என்று டிக் அடியுங்கள். இந்து மைனருடைய பங்கை அப்பாவோ அம்மாவோ விற்றிருந்தால் நீதிமன்ற அனுமதி கேளுங்கள்.

இதற்கு மேல் வழக்கறிஞர் வேலை. விற்பவர் சிபாரிசு செய்யும் வழக்கறிஞர் வேண்டாம். நீங்களே பார்த்த வழக்கறிஞரிடம், நீங்கள் வரைந்த தாளோடு போனால் பேச்சு நேரே விஷயத்துக்கு வரும்.

5. பட்டாவும் அளவும்

பட்டா, அ-பதிவேடு (கிராமத்து நிலங்களின் வருவாய்த்துறைப் பதிவேடு), புல வரைபடம் மூன்றும் அரசு இணையதளத்தில் பார்க்கலாம். பட்டா வருவாய்த்துறைப் பதிவு, அதை மட்டும் வைத்து உரிமை முடிவாகாது. பரப்பு ஹெக்டேர்-ஏர் கணக்கில் இருக்கும். 4.50 ஏர் என்றால் 450 சதுர மீட்டர், சுமார் 11.12 சென்ட். இதைப் பத்திரத்தோடு ஒப்பிட்டு, அப்புறம் சர்வேயரை வைத்து இடத்தில் அளந்து பாருங்கள்.

6. ஒப்பந்தம்

எல்லாம் சரி என்றால் கிரய ஒப்பந்தம் போடுங்கள், அதைப் பதிவும் செய்யுங்கள். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் அது கட்டாயம். பதிந்தால் அதுவும் ஈசியில் ஏறும், வேறொருவரிடம் அதே மனையைக் காட்டி அட்வான்ஸ் வாங்குவது கடினமாகிவிடும்.

பிற்சேர்க்கை: "என் கிராமமே பட்டியலில் வரவில்லை" என்று சிலர் எழுதியிருந்தார்கள். சார்பதிவாளர் அலுவலகங்களைப் பிரித்திருக்கிறார்கள். இன்றைய அலுவலகத்தில் பாதி ஆண்டுகளுக்கும், பழைய அலுவலகத்தில் மீதி ஆண்டுகளுக்கும் போட வேண்டியிருக்கும். தாய்ப்பத்திரத்தின் (சொத்தின் முந்தைய மூலப் பத்திரம்) முத்திரையில் எந்த அலுவலகம் என்று இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள்.

இன்னொருவர், தனக்கு விற்பவர் பவர் ஏஜென்ட் (உரிமையாளர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தின் பேரில் விற்பவர்) என்றார். பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் பொதுவாக அத்தோடு முடிந்தது. பவர் கொடுத்தவரை நேரில் பார்த்துவிடுங்கள், முடியாவிட்டால் சமீபத்திய உயிர்வாழ் சான்றாவது கேளுங்கள். பவர் ரத்தாகியிருக்கிறதா என்று அது பதிவான அலுவலகத்திலும் தேட வேண்டும். அது மனை இருக்கும் ஊர் அலுவலகமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.