கதையின் சாவியைப் பகடையிடம் ஒப்படைக்காதீர்கள்: புதிய டி.எம்.கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மைக் காலமாகப் புதியவர்கள் நடத்தும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டங்களில் ஆட்டக்காரனாக உட்காரும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைக்கிறது. ஆர்வத்துக்கோ உழைப்புக்கோ அவர்களிடம் குறைவில்லை. குறிப்பேடு நிறைய எழுதிக்கொண்டு வருகிறார்கள், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குரலை மாற்றிப் பேசத் தயங்குவதில்லை. ஆயினும் என்னைப் போன்ற பழைய டி.எம்.கள் தொடக்கத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். விதிகளைப் படிக்காமல் வருவது, ஆட்டக்காரர்களிடம் தேதியை உறுதி செய்யாமல் விடுவது போன்றவற்றை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். நல்ல தயாரிப்போடு வருபவர்களே செய்யும் தவறுகளைத்தான் எழுதுகிறேன். அவற்றுள் ஒன்றைப் பற்றிக் கூடுதலாக.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டி.எம். எனப்படும் டஞ்சன் மாஸ்டர் ஒருவர் உலகத்தையும் அதில் நடப்பவற்றையும் விவரிப்பார். மற்ற ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரத்தை ஏற்று, அது என்ன செய்கிறது என்று சொல்வார்கள். ஒரு செயலின் முடிவு உறுதியாகத் தெரியாதபோது இருபது முகப் பகடையை உருட்டி, கதாபாத்திரத்தின் திறமைக்கு உரிய எண்ணைக் கூட்டி, டிசி எனப்படும் இலக்கு எண்ணை எட்டினால் வெற்றி. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆட்டம் இது. நான் இங்கே சொல்லும் எண்கள் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பைச் சேர்ந்தவை.

முதல் ஆட்டத்துக்கு முன்பே உலகத்தைப் படைத்து முடிப்பது

ஓர் ஊர், அந்த ஊரில் ஒரு சிக்கல், அந்தச் சிக்கலால் லாபமடையும் ஒருவர். முதல் நாளுக்கு இது போதும்.

கதை நகரத் தேவையான துப்பை ஒரே உருட்டலை நம்பி வைப்பது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். நான் அண்மையில் உட்கார்ந்த ஓர் ஆட்டத்தில், கிராமத்தின் தானியக் களஞ்சியம் எரிந்து போயிருந்தது, கணக்கர் தலைமறைவாகியிருந்தார். அவருடைய மேசை இழுப்பறைக்குப் பின்னால் இருந்த பொந்தில் ஒரு கடிதம். அதைப் படித்தால்தான் பழைய சுரங்கம் ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியவரும். சுரங்கத்துக்குப் போனால்தான் மீதிக் கதை. டி.எம். தம் குறிப்பேட்டில் ‘கடிதம், இன்வெஸ்டிகேஷன், டிசி 15’ (இன்வெஸ்டிகேஷன் என்பது தேடித் துப்பறியும் திறமை) என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்ததை ஆட்டம் முடிந்த பிறகு காட்டினார்.

எங்களில் ஒரு பெண், அன்றுதான் முதன்முறையாக ஆட வந்தவர், சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “இழுப்பறைய முழுசா வெளிய இழுத்து வெச்சிட்டு, அது இருந்த இடத்துக்குள்ள கைய விட்டுத் தடவிப் பாக்கறேன்.” கடிதம் இருந்த இடம் அதேதான். டி.எம். உருட்டச் சொன்னார். பகடையில் 4 விழுந்தது. அவருடைய கதாபாத்திரத்துக்குரிய 1-ஐக் கூட்டினால் 5. “ஒண்ணும் கைல படல” என்றார் டி.எம். அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் நாங்கள் தரைப் பலகைகளைப் பெயர்த்தோம், தோட்டத்தைத் தோண்டினோம், ஒன்றும் அறியாத பக்கத்து வீட்டுக்காரரைக் குடைந்தோம், கடைசியில் தலைநகரத்துக்குப் புறப்படுவதென்று முடிவெடுத்தோம். தலைநகரத்தைப் பற்றி டி.எம்.மிடம் ஒரு வரி கூட இல்லை. வேறு வழியில்லாமல் வழியில் ஒரு முதியவரை வரவழைத்து, சுரங்கத்தைப் பற்றி அவர் வாயாலேயே சொல்ல வைத்தார்.

இதில் வீணான ஒரு மணி நேரத்தைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்தப் பெண்ணுக்கு அன்று கிடைத்த பாடம். சரியான இடத்தை ஊகித்து, எப்படித் தேடுகிறோம் என்பதைத் துல்லியமாகச் சொன்ன பிறகும், அவர் சொன்ன எதற்கும் பயனில்லாமல் போயிற்று. யாரும் தேடாமலேயே வந்த முதியவரால் கதை நகர்ந்தது. அடுத்த அறையில் அந்தப் பெண் எதையும் விவரிக்கவில்லை. “உருட்டட்டுமா?” என்று மட்டும் கேட்டார். வாய்ச் சொல்லால் ஓர் உலகத்தைத் தொட்டுப் பார்க்கலாம் என்பதுதான் இந்த விளையாட்டு நமக்குத் தரும் மிகப் பெரிய மகிழ்ச்சி. அதைப் புதிதாக வந்த ஒருவரிடமிருந்து முதல் நாளிலேயே பறித்துவிடுகிறோம்.

கணக்கும் இந்தப் பழக்கத்துக்கு எதிராகவே நிற்கிறது. விதிப்புத்தகத்தில் டிசி 15 என்பது நடுத்தரக் கடினம் என்று இருப்பதால் புதியவர்கள் அதைப் பாதுகாப்பான எண்ணாகக் கருதுகிறார்கள். கதாபாத்திரங்கள் ஆட்டத்தைத் தொடங்கும் முதல் நிலையில் நன்கு தேர்ந்த கதாபாத்திரத்துக்குக் கூட்டல் எண் 5 என்று வைத்துக்கொண்டாலும், பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 55. கூட்டல் எண் 1 மட்டுமே உள்ளவருக்கு வெறும் 35. இப்படி மூன்று துப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போல் கோத்து, தேர்ந்தவரே மூன்றையும் தேடினாலும், மூன்றும் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 17 ஆகச் சுருங்கிவிடுகிறது. ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு முறை உருட்டலாம் என்று அனுமதித்தால் நிலைமை தலைகீழாகிறது: அவர்களில் ஒருவருக்கு 5, மற்ற நால்வருக்கு 1 என்று இருந்தால், ஐவரும் தோற்கும் வாய்ப்பு நூற்றுக்கு 8 மட்டுமே. அதாவது ஒருவர் உருட்டினால் ஏறக்குறைய பாதி நேரம் கதை நின்றுவிடுகிறது; எல்லோரும் உருட்டினால் யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவது ஏறத்தாழ உறுதி என்பதால் உருட்டலுக்கே அர்த்தமில்லை.

துப்பறியும் கதைகளையே மையமாகக் கொண்ட ஆட்டங்கள் இந்தச் சிக்கலோடு நெடுங்காலம் போராடியிருக்கின்றன. சாண்டி பீட்டர்சன் வடிவமைத்து கேயாஸியம் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட கால் ஆஃப் க்துலுவில் எல்லாத் திறமைகளும் நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கில் இருக்கும். மறைந்திருப்பதைக் கண்டறியும் திறமை, பயிற்சியில்லாதவருக்கு 25 தான். கொலை நடந்த அறையில் நான்கு பேர் தேடியும் நால்வருமே தவறவிட்ட கதைகள் அதை ஆடியவர்கள் எல்லோரிடமும் உண்டு. இதற்கு நேரடியாக விடை சொன்னது, ராபின் டி. லாஸ் வடிவமைத்த கம்ஷூ விதிமுறை. அதை அடிப்படையாகக் கொண்டு கென்னத் ஹைட் எழுதிய டிரெயில் ஆஃப் க்துலு 2008-இல் வந்தது. உரிய திறமை உள்ள கதாபாத்திரம், உரிய இடத்தில், உரிய வகையில் தேடினால், கதைக்கு அடிப்படையான துப்பு உருட்டலே இல்லாமல் கிடைத்துவிடும் என்பதுதான் அதன் விதி. கால் ஆஃப் க்துலுவின் ஏழாம் பதிப்பும் வெளிப்படையான துப்பு, மறைவான துப்பு என்று பிரித்து, முன்னதற்கு உருட்டல் வேண்டாம் என்கிறது.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை நடத்துபவர் இதற்காக வேறு ஆட்டத்துக்கு மாற வேண்டியதில்லை. கதை நகர அந்தத் துப்பு தேவையென்றால், தேடியவருக்குக் கொடுத்துவிடுங்கள். பகடையை வேறு ஒன்றுக்குப் பயன்படுத்துங்கள். கடிதம் கையில் கிடைக்கும். உருட்டலில் வென்றால், அதைப் படித்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்து, யாரும் அறியாமல் வெளியேறலாம். தோற்றால், இழுப்பறை சிக்கிக்கொண்டு நேரமாகிவிடுகிறது, கடிதத்தோடு நிற்கும்போது வாசலில் கணக்கரின் தம்பி நிற்கிறார். இரண்டிலும் கதை நகர்கிறது, இரண்டும் வெவ்வேறு கதைகள்.

இதனோடு சேர்த்துக் கடைப்பிடிக்க வேண்டியது, ஜஸ்டின் அலெக்சாண்டர் 2008-இல் எழுதிப் பரவலான மூன்று துப்பு விதி: ஆட்டக்காரர்கள் எட்ட வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்புகளை வையுங்கள். பலர் இதைக் கேட்டுவிட்டு மூன்றையும் ஒரே அறையில் வைத்து, மூன்றுக்கும் ஒரே உருட்டலைக் கேட்கிறார்கள். அப்படிச் செய்தால் அது ஒரு துப்பாகத்தான் கணக்கு. கணக்கர் சுரங்கத்துக்குத்தான் போனார் என்பதை எங்களுக்கு எப்படியெல்லாம் தெரிவித்திருக்கலாம் என்று பாருங்கள். கடிதம் ஒன்று. அந்த ஊர் மண்ணில் இல்லாத செம்மண், வாசலில் கழற்றிப் போட்ட காலணியில் ஒட்டியிருப்பது இன்னொன்று. இரண்டு நாளைக்கு முன் கயிறும் விளக்குக்கு எண்ணெயும் கடனுக்கு வாங்கிப் போனவர் இன்னும் பணம் தரவில்லை என்று கடைக்காரர் புலம்புவது மூன்றாவது. ஒன்று தேடுபவருக்கு, ஒன்று கவனிப்பவருக்கு, ஒன்று மனிதர்களோடு பேசுபவருக்கு என்று அமைந்துவிட்டால், எந்த வகை ஆட்டக்காரரும் வெறுங்கையோடு நிற்க மாட்டார்.

எல்லாத் துப்பையும் இலவசமாகக் கொடுக்கச் சொல்லவில்லை. சுரங்க வாசலில் கண்ணி இருப்பது, காவலர்கள் எப்போது மாறுகிறார்கள் என்பது, கூட்டத் தலைவனுக்கும் கையாளுக்கும் உள்ள பகை: இவை கிடைத்தால் அனுகூலம், கிடைக்காவிட்டாலும் கதை நிற்காது. இவற்றுக்குத் தாராளமாக உருட்டச் சொல்லுங்கள். அதே நேரத்தில், டி.எம். தம் முன்னால் வைத்துக்கொள்ளும் மறைப்புத் திரைக்குப் பின்னால் விழுந்த 4-ஐ 14 என்று சொல்லிச் சமாளிக்கும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. ஒருமுறை ஆட்டக்காரர்கள் அதை உணர்ந்துவிட்டால், டிராகனின் முன்னால் உருட்டும் பகடையையும் நம்ப மாட்டார்கள்.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் குறிப்பேட்டைத் திறந்து, டிசி என்று எழுதியிருக்கும் ஒவ்வோர் இடத்திலும் விரலை வைத்து, இதில் தோற்றால் அடுத்த நிமிடம் நான் என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லாத இடத்தில் அந்த டிசியை அடித்துவிடுங்கள்.

தோல்விக்கு ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று பதில் சொல்வது

மேலே சொன்னதன் சிறிய வடிவம் இது. பூட்டைத் திறக்க முயல்கிறார், தோற்கிறார், திறக்கவில்லை, மறுபடி உருட்டுகிறார். அவசரமும் ஆபத்தும் இல்லாத பூட்டுக்கு உருட்டலே தேவையில்லை, திறந்துவிட்டதென்று சொல்லி நகருங்கள். அவசரம் இருந்தால், தோல்வி அந்த அவசரத்தைக் கூட்ட வேண்டும்: காலடி ஓசை நெருங்குகிறது, கருவி உடைந்து பூட்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. 2010-இல் வந்த அபாகலிப்ஸ் வேர்ல்ட் ஆட்டத்தில் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி உரிய எண்ணைக் கூட்டுவார்கள்; 10-க்கு மேல் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலை கொடுத்துப் பெறும் வெற்றி, 6-க்குக் கீழ் என்றால் நடத்துபவர் கதையை வேறு பக்கம் திருப்புவார். 10, 6 ஆகிய எண்களும் அந்தந்த எல்லைக்குள்ளேயே அடங்கும். கூட்டல் எண் ஏதும் இல்லாதவருக்கு 36-இல் 15 முறை அந்த நடுத்தர விளைவுதான் வரும், எந்த விளைவிலும் ஆட்டம் நின்ற இடத்தில் நிற்பதில்லை. புதிய டி.எம். ஒவ்வொருவரும் அதை ஒருமுறையாவது ஆடிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

முதல் நிலைக் கதாபாத்திரங்களை வீரர்கள் என்று நம்புவது

முதல் நிலை மந்திரவாதிக்கு ஹிட் பாயிண்ட், அதாவது விழுவதற்குள் தாங்கக்கூடிய சேதத்தின் அளவு, பெரும்பாலும் 7 அல்லது 8. கோப்ளின் என்ற குட்டி அரக்கனின் அம்பு ஓர் ஆறுமுகப் பகடையோடு 2 சேர்த்துச் சேதம் விளைவிக்கும், சாதாரணமாக அதிகபட்சம் 8. பதுங்கியிருக்கும் நான்கு கோப்ளின்களோடு முதல் சண்டையைத் தொடங்கினால், தம் கதாபாத்திரத்தின் பெயரை மற்றவர்கள் மனத்தில் பதிய வைப்பதற்குள் ஒருவர் விழுந்துவிடலாம். இரண்டு கோப்ளின்களை நேரெதிரே நிறுத்துங்கள். தோற்றால் கொள்ளையடித்துவிட்டு ஓடட்டும்.

அடுத்தவர் மனத்தை நீங்கள் சொல்வது

‘உங்களுக்குப் பயமாக இருக்கிறது’ என்று சொல்லாதீர்கள். பயங்கரத்தை விவரியுங்கள், பயப்படுவதா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

சண்டையின் நடுவில் விதிப்புத்தகத்தைப் புரட்டுவது

அப்போதைக்கு ஒரு தீர்ப்புச் சொல்லி நகருங்கள். பிறகு படித்துத் திருத்திக்கொள்ளலாம்.

எது வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்காமல் விடுவது

குழந்தைகளுக்கு நேரும் துன்பம், சிலந்தி, பாலியல் வன்முறை என்று ஒவ்வொருவருக்கும் தாங்க முடியாத ஒன்று இருக்கும். முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காரணம் கேட்காதீர்கள்.

அடுத்த ஆட்டத்துக்கான திட்டத்தைக் கேட்காமல் கலைந்து செல்வது

எல்லோரும் பகடைகளைப் பையில் போடத் தொடங்கும் முன், ‘அடுத்த முறை எங்கே போவதாக உத்தேசம்?’ என்று கேளுங்கள். சுரங்கம் என்று அவர்கள் சொன்னால் சுரங்கத்தை மட்டும் தயார் செய்தால் போதும். தலைநகரம் என்று சொன்னால், அதற்குத் தயாராக உங்களுக்கு ஒரு வாரம் இருக்கிறது. பதிலைத் தேதியோடு எழுதி, ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். இடையில் யாராவது மனம் மாறினால் அங்கேயே சொல்லிவிடுவார்கள்.