ஓப்பன்டபிள்யூஆர்டி ஆக்சஸ் பாயிண்ட்: கமாண்ட் லைனிலிருந்தே கண்காணிப்பது எப்படி

வைஃபை அடிக்கடி கட்டாகிறது என்றதும் ஆக்சஸ் பாயிண்டை ஆஃப் செய்து ஆன் செய்வதை முதலில் நிறுத்துங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டியில் (ரவுட்டர், ஆக்சஸ் பாயிண்டுகளில் ஓடும் லினக்ஸ் இயங்குதளம்) வழக்கமாக லாக் (நடந்ததையெல்லாம் பதியும் குறிப்பு) முழுவதும் ரேமில்தான் இருக்கும், கரண்ட் போன நொடியில் காரணமும் சேர்ந்து போய்விடும். கண்காணிப்பு என்றால் எல்லோரும் கிராஃபிலிருந்து தொடங்குகிறார்கள், என்னைக் கேட்டால் லாக்கை வெளியே அனுப்புவதுதான் முதல் வேலை.

இங்கே ஆக்சஸ் பாயிண்ட் 192.168.1.2, லாக் வாங்கும் லினக்ஸ் கணினி 192.168.1.10 என்று வைத்துக்கொள்வோம். கமாண்டுகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள். எஸ்எஸ்ஹெச் வழியாக ரூட்டாக உள்ளே போய், யூசிஐ (அமைப்புகளை மாற்றும் கமாண்ட்) மூலம்:

யூசிஐ செட் சிஸ்டம்.@சிஸ்டம்[0].லாக்_ஐபி=192.168.1.10
யூசிஐ கமிட் சிஸ்டம்
/இடிசி/இனிட்.டி/லாக் ரீஸ்டார்ட்

அந்தக் கணினியில் ஆர்சிஸ்லாக் (லாக்கை வாங்கிச் சேமிக்கும் மென்பொருள்), யூடிபி போர்ட் 514இல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சரிபார்க்க, ஆக்சஸ் பாயிண்டில் 'லாகர் டெஸ்ட்' என்று அடியுங்கள், அந்த வரி அங்கே வந்து விழுந்தால் வேலை முடிந்தது. அப்புறம் 'டேட்' அடித்து நேரத்தையும் பாருங்கள். இந்தப் பெட்டிகள் பலவற்றில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது, என்டிபி (நெட்வொர்க்கிலிருந்து நேரம் வாங்கும் சேவை) ஓடாவிட்டால் லாக்கில் இருக்கும் நேரத்தை நம்பவே முடியாது.

இணைந்திருக்கும் கருவிகளைப் பார்க்க வெறும் 'ஐடபிள்யூஇன்ஃபோ' அடித்தால் இன்டர்ஃபேஸ் பெயர் கிடைக்கும், பழைய பதிப்புகளில் டபிள்யூலேன்0, புதியவற்றில் பிஹெச்ஒய்0-ஏபி0 மாதிரி. அந்தப் பெயரைப் போட்டு 'ஐடபிள்யூ டெவ் பிஹெச்ஒய்0-ஏபி0 ஸ்டேஷன் டம்ப்' கொடுங்கள். சிக்னல் -50 டிபிஎம் பக்கம் என்றால் நன்றாக இருக்கிறது, -80ஐ நெருங்கினால் ஆள் தூரத்தில் இருக்கிறார் அல்லது நடுவில் கனமான சுவர். ஆனால் சிக்னல் நன்றாக இருந்தும் 'டிஎக்ஸ் ரீட்ரைஸ்' (மறுபடி அனுப்பியவை) எண், அனுப்பிய பாக்கெட் எண்ணோடு ஒப்பிட்டால் மளமளவென்று ஏறுகிறதா, பெரும்பாலும் சேனலில்தான் நெரிசல், 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11இல் ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள்.

கிராஃப் வேண்டுமென்றால் இப்போது எஸ்என்எம்பி (கருவியின் எண்களை வேறு கணினி கேட்டு வாங்கும் முறை). 'ஓபிகேஜி அப்டேட்', பிறகு 'ஓபிகேஜி இன்ஸ்டால் எஸ்என்எம்பிடி' (புதிய பதிப்புகளில் ஓபிகேஜிக்குப் பதில் ஏபிகே வந்துவிட்டது, அங்கே 'ஏபிகே ஆட்'). நிறுவியவுடன் கம்யூனிட்டி பெயர் (கேட்பவர் சொல்ல வேண்டிய பாஸ்வேர்டு மாதிரி) 'பப்ளிக்' என்றே இருக்கும், யார் கேட்டாலும் பதில் சொல்லும், அப்படியே விட்டுவிடாதீர்கள்:

யூசிஐ செட் எஸ்என்எம்பிடி.பப்ளிக்.கம்யூனிட்டி=உங்கள்_பெயர்
யூசிஐ செட் எஸ்என்எம்பிடி.பப்ளிக்.சோர்ஸ்=192.168.1.10
யூசிஐ கமிட் எஸ்என்எம்பிடி
/இடிசி/இனிட்.டி/எஸ்என்எம்பிடி ரீஸ்டார்ட்

எஸ்என்எம்பியின் வி2சி பதிப்பில் அந்தக் கம்யூனிட்டி பெயர் மறைக்கப்படாமல்தான் கம்பியில் போகும், அதனால் வேறெங்கும் பயன்படுத்தும் பாஸ்வேர்டை இங்கே வைக்க வேண்டாம்.

டிராஃபிக் எண்ண 'இஃப்இன்ஆக்டெட்ஸ்' வேண்டாம், 'இஃப்ஹெச்சிஇன்ஆக்டெட்ஸ்' எடுங்கள் (இரண்டுமே உள்ளே வந்த பைட்டுகளை எண்ணும் எஸ்என்எம்பி கவுண்டர்கள்). முதலாவது 32 பிட் கவுண்டர், 100 எம்பிபிஎஸ் ஓடினால் 6 நிமிடத்துக்குள் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும், 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கிற மென்பொருள் அதைவிட வேகமான லைனில் தப்புக் கணக்கு காட்டும். இரண்டாவது 64 பிட், அதை வி1இல் கேட்டால் கிடைக்காது, வி2சியோ வி3யோ வேண்டும்.