ப்ராஜெக்ட் கொடுக்கும் முன் நூலகரிடம் பேசுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பள்ளி நூலகராக இருக்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு வகுப்பே வந்து நிற்கும்: "வள்ளியம்மை பற்றி ஒரு பக்கம், திங்கட்கிழமை வேண்டுமாம்." காந்தி இங்கே நடத்திய சத்தியாகிரகத்தில் சிறை சென்ற தமிழ்ப் பெண்தான் வள்ளியம்மை. ஆசிரியர் எதை எதிர்பார்க்கிறார் என்று பிள்ளைகளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கூகுளில் முதலில் வருவதை எல்லோரும் எழுதிக்கொண்டு போவார்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஒருமுறை வரலாற்று ஆசிரியையும் நானும் முன்கூட்டியே உட்கார்ந்து கேள்வியை மாற்றினோம். வள்ளியம்மை தன் சேலையைக் கிழித்து "இதுதான் எங்கள் கொடி" என்று சொன்னதாக இணையத்தில் ஒரு கதை உலவுகிறது. அது எங்கிருந்து வந்தது, கண்டுபிடியுங்கள் என்றோம். பிள்ளைகள் பார்த்த பக்கங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. மூலம் எதிலும் இல்லை. அப்புறம் காந்தியே எழுதிய பகுதியைக் கொடுத்தேன். நோயில் கிடந்தவரிடம், சிறைக்குப் போனதற்கு வருந்துகிறாயா என்று கேட்கிறார். இப்போது பிடித்தாலும் மறுபடி போவேன் என்கிறார் அந்தப் பெண். கொடி அங்கே இல்லை. 1914 பிப்ரவரி 22 அன்று, 16 வயதில் இறந்துபோனவர். கதை பொய் என்று நாங்கள் தீர்ப்பு சொல்லவில்லை. "தேடினேன், ஆதாரம் கிடைக்கவில்லை" என்று எழுதினாலும் மதிப்பெண் உண்டு என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

இணைய முகவரி டாட் ஆர்க் (.org) என்று முடிந்தால் நம்பலாம் என்று இன்னும் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த முகவரியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று வேறொரு பக்கத்தைத் திறந்து பார்ப்பதே சோதனை. விக்கிப்பீடியாவைத் தடுக்கவும் வேண்டாம். கட்டுரையின் அடியில் உள்ள மேற்கோள்களுக்குப் போகப் பழக்குங்கள்.

நம் பெயர்கள் விஷயம் எனக்கு மிக முக்கியம். 1860 முதல் மதராசிலிருந்து கப்பலில் வந்தவர்களின் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். முதலியார் மூட்லி ஆனார், கவுண்டர் கோவெண்டர் ஆனார். வகுப்பில் படிக்கிற பிள்ளை தன் குடும்பப் பெயரை இன்றைய எழுத்துக்கூட்டில் மட்டும் தேடிவிட்டு "தகவல் இல்லை" என்று எழுதிவிடும். நாலைந்து விதமாக எழுதித் தேடச் சொல்வது நூலகர் வேலை. தேடிய சொற்களின் பட்டியலையும் கேட்டு, அதற்கு மதிப்பெண் போடுவது ஆசிரியர் வேலை. ஒருவர் செய்து மற்றவர் விட்டுவிட்டால் பிள்ளைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

புதிய செயலி ஒன்றைப் பார்த்த உற்சாகத்தில், வகுப்பிலேயே எல்லோரையும் பெயர், பிறந்த தேதி கொடுத்துச் சேரச் சொல்லாதீர்கள். 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கும், தனிநபர் விவரங்களைப் பாதுகாக்கும் தென்னாப்பிரிக்காவின் போபியா (POPIA) சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களைத் திரட்டப் பொதுவாகப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். செயலி என்னென்ன கேட்கிறது என்று முதலில் இருவரும் சேர்ந்து பாருங்கள்.

வீட்டில் டேட்டா இருக்கும் என்றும் எண்ணிவிடாதீர்கள். பல வீடுகளில் அம்மாவின் போனில் போட்ட ப்ரீபெய்டு டேட்டாதான் எல்லோருக்கும். தேடல் வேலையை நூலக நேரத்துக்குள் முடிக்கும்படி வையுங்கள். வீட்டுக்கு எழுதும் வேலை மட்டும் போகட்டும்.